கெட்டில் வாங்க எந்த மாதம் நல்ல மாதம்?

கரண்ட் கெட்டில் என்பது அரிசி, பருப்பு மாதிரி இன்றைக்கே வாங்கியாக வேண்டிய பொருள் இல்லை. ஒரு மாதம் தள்ளிப் போட்டாலும் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. காத்திருக்க முடிகிற பொருளில்தான் நல்ல சேமிப்பு இருக்கிறது, தோழிகளே! நாம் எல்லோரும் வாங்குகிற சாதாரண 1.5 லிட்டர் ஸ்டீல் கெட்டில், பெரும்பாலும் 600 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதே கம்பெனி, அதே மாடல், ஒரே வருடத்துக்குள் பல தடவை விலை ஏறி இறங்கும். எப்போது இறங்கும், எப்போது கடைப் பக்கமே போகக் கூடாது என்று நம் ஊர் காலண்டரை வைத்தே சொல்லிவிடலாம்.

1. எந்தக் கெட்டில் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் இன்றைய விலையைக் குறித்து வையுங்கள். கேஸ் புக் பண்ணின தேதி, பால் கணக்கு எல்லாம் எழுதுகிற மாதக் காலண்டரிலேயே ஒரு ஓரத்தில் எழுதினால் போதும். மாதம் ஒரு தடவை பார்த்து எழுதி வந்தால், மூன்றாவது மாதம் எந்த ஆஃபர் உண்மையான ஆஃபர் என்று நமக்கே தெரிந்துவிடும்.

2. "60 சதவீதம் தள்ளுபடி" என்று போர்டு போட்டிருந்தால், அது பெட்டியில் அச்சடித்திருக்கிற எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்த கணக்கு. சின்னச் சின்ன மின்சாதனங்களை எம்.ஆர்.பி.க்கு விற்கிற கடை அபூர்வம்; சாதாரண நாளிலேயே நன்றாகக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். சதவீதத்தை விட்டுவிட்டு, காலண்டரில் எழுதின ரூபாயோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

3. கடைக்குப் போய் வாங்குகிறவர்களுக்கு என் முதல் ஓட்டு ஆடி மாதத்துக்குத்தான். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, சீர் சாமான் வாங்க ஆள் வராது. விற்பனை படுத்துவிடும் என்பதால்தான் கடைக்காரர்களே விலையை இறக்கி நம்மைக் கூப்பிடுகிறார்கள். ஆடித் தள்ளுபடி என்றால் முதலில் துணிக்கடைதான் நினைவுக்கு வரும். ஆனால் பாத்திரக் கடை, மிக்ஸி கிரைண்டர் கடை எல்லாம் அந்த ஒரு மாதம் இறங்கித்தான் வரும். பழையதைக் கொடுத்துப் புதியதை எடுக்கிற எக்ஸ்சேஞ்ச் மேளாவும் கூடவே நடக்கும்.

4. ஆடியிலும் முதல் இரண்டு வாரம்தான் நல்ல நேரம். ரங்கநாதன் தெருவோ, திருச்சி என்.எஸ்.பி. ரோடோ, கோவை கிராஸ்கட் ரோடோ, எந்தக் கடைத்தெருவானாலும் செவ்வாய், புதன் காலை பதினொரு மணிவாக்கில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு விட்டால் நல்ல மாடல்கள் போய், கீறல் விழுந்த டிஸ்ப்ளே பீஸ்தான் மிஞ்சும்.

5. அந்த இரண்டு வாரத்தைத் தவற விட்டவர்களுக்கு, ஆடியின் வால் பகுதியில் ஆகஸ்ட் 15 வரும். ஆன்லைனில் சுதந்திர தின விற்பனையும், தெருவில் ஆடித் தள்ளுபடியும் ஒரே வாரத்தில் ஓடுகிற சமயம் அது. போனில் விலையைத் திறந்து வைத்துக்கொண்டு கடைக்குப் போய், "இந்த விலைக்குத் தர முடியுமாண்ணே?" என்று பொறுமையாகக் கேளுங்கள். சில கடைகளில் அதே விலைக்கு வருவார்கள். வராவிட்டாலும் ஒரு டப்பாவோ கரண்டி செட்டோ சேர்த்துத் தர வாய்ப்புண்டு.

6. அமேசான் பிரைம் டே நம் நாட்டில் 2017-இல் தொடங்கியது; பெரும்பாலும் ஜூலையில் வரும். உறுப்பினர்களுக்கு மட்டும் உள்ள விற்பனை அது. ஒரு கெட்டிலுக்காகச் சந்தா கட்டினால் மிச்சமாகிற பணம் சந்தாவுக்கே சரியாகிவிடும். வீட்டில் யாராவது ஏற்கெனவே உறுப்பினராக இருந்தால் மட்டும் பாருங்கள்.

7. ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்தங்கள் வரிசை கட்டும், கடைக்காரர் விலையில் இறங்க மாட்டார். ஆனால் அப்போது வேறு ஒரு வழி உண்டு. பெண்ணுக்குச் சீர் வாங்குகிறீர்கள், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று பெரிய பில் ஆகிறது என்றால், எல்லா விலையும் பேசி முடித்த பிறகு கடைசியில் கெட்டிலைக் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் அதன் விலையை வேறு எதிலாவது சேர்த்துவிடுவார்கள். பணம் எண்ணுகிற நேரத்தில் கேட்டால் "சரிம்மா, எடுத்துக்குங்க" என்று வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

8. மகாளய பட்சம் பதினைந்து நாளும் புதுப் பொருள் வாங்குவதைப் பலர் தவிர்ப்பார்கள், கடைகள் காலியாக இருக்கும். அந்த நாட்களில் வாங்க மனமில்லாவிட்டாலும் பார்க்கப் போகலாமே! விற்பனையாளருக்கு நம்மோடு பேச நேரம் இருக்கும். கையில் எடுத்து, மூடியைத் திறந்து மூடி, கைப்பிடி பிடிக்க வசதியா என்று பார்த்து மாடலை முடிவு செய்துகொண்டு வந்துவிடுங்கள்.

9. ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு நவராத்திரியிலிருந்து தீபாவளிக்கு முந்தின வாரம் வரைதான் அறுவடைக் காலம். பிளிப்கார்ட்டின் பிக் பில்லியன் டே 2014 அக்டோபரில் ஆரம்பித்தது; அமேசானின் கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவலும் இதே சமயத்தில்தான் வரும். இரண்டு கம்பெனிகளும் போட்டி போடுவதால், பெயர் பெற்ற கெட்டில்களும் கணிசமாக இறங்கும். இரண்டிலும் முன்கூட்டியே கார்ட்டில் போட்டு வைத்து, முதல் நாளே ஒப்பிட்டு வாங்கிவிடுவது நல்லது.

10. தீபாவளிக்கு முந்தின கடைசி வாரம் கெட்டிலுக்காக மட்டும் கடைக்குப் போகவே போகாதீர்கள். போனஸ் வந்த கையோடு ஊரே தெருவில் இருக்கும்போது யாரும் பேரம் பேச நிற்க மாட்டார்கள், போட்டுக் காட்டச் சொன்னாலும் முடியாது. ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசே சேமிப்பைச் சாப்பிட்டுவிடும்.

11. தீபாவளி முடிந்த இரண்டு வாரத்தில் இன்னொரு வாய்ப்பு வரும். ஆபீஸில் பரிசாக வந்த கெட்டில், கல்யாணத்துக்கு வந்த இரண்டாவது கெட்டில் என்று பல வீடுகளில் பிரிக்காத பெட்டிகள் பரணில் ஏறும் நேரம் அது. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் "புதுக் கெட்டில் யாரிடமாவது உபரியாக இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள், பில்லும் கிடைக்குமா என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள், வாரண்டிக்குத் தேவைப்படும்.

12. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். முதல் மழையோடு வீட்டில் ஒருவருக்காவது தொண்டை கட்டும், எல்லோருக்கும் வெந்நீர் ஞாபகம் வரும், கடையில் கெட்டிலும் ஃபிளாஸ்க்கும் முன் வரிசைக்கு வந்துவிடும். தானாக விற்கிற பொருளுக்குத் தள்ளுபடி எதற்கு? மழைக்குத் தேவைப்படுகிற கெட்டிலை ஆடியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

13. மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதம்தான். அதோடு வருடக் கடைசி என்பதால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று ஒரே ஆஃபரைப் பெயர் மாற்றி மாற்றி ஜனவரி நடு வரை இழுப்பார்கள். ஆடியில் தவற விட்டவர்களுக்கு இது அடுத்த நல்ல வாய்ப்பு. போகிக்கு முன்னாலேயே பழைய கெட்டில், சுருண்டு போன மிக்ஸி எல்லாவற்றையும் மூட்டை கட்டி எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துப் போய்விடுங்கள். பிளாஸ்டிக்கும் ஒயரும் போகித் தீயில் விழவே கூடாது, அந்தப் புகை நம் குழந்தைகளுக்குத்தான் கெடுதல்.

14. ஜனவரி 26 விற்பனையைப் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்தது பிக் பஜார், 2006-இல். இன்றைக்கு ஆன்லைன் கம்பெனிகளும் பெரிய ஷோரூம்களும் அதே வாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பொங்கலில் பார்த்த விலை பிடிக்கவில்லை என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்தால் போதும், இந்த விற்பனை வந்துவிடும்.

15. சென்னைத் தீவுத்திடலில் பொங்கலை ஒட்டித் தொடங்கும் பொருட்காட்சி, மதுரைத் தமுக்கத்தில் நடக்கும் சித்திரைப் பொருட்காட்சி போன்ற இடங்களில் சமையலறைச் சாமான் ஸ்டால்கள் நிறைய. காய் நறுக்குகிற கருவி, டப்பா, கரண்டி எல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம். கரண்ட் பொருளை மட்டும், பில்லில் கடையின் பெயரும் நம் ஊர் முகவரியும் இருந்தால் வாங்குங்கள். பொருட்காட்சி முடிந்த பிறகு ஸ்டாலைத் தேடிப் போக முடியாது.

16. மார்ச் 31 கணக்கு முடிகிற நாள். டீலர்களுக்கு விற்பனை இலக்கு இருக்கும், கையில் இருக்கிற சரக்கைக் குறைக்கப் பார்ப்பார்கள். விளம்பரமே இல்லாத தள்ளுபடி இது, கேட்டால்தான் கிடைக்கும்: "கடைசி விலை என்னண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

17. அதிகம் பேர் கவனிக்காத பருவம் சித்திரையும் வைகாசியும்தான். வெயில் கொளுத்தும்போது கடை முழுக்க ஏ.சி., ஏர்கூலர், டேபிள் ஃபேன்; கெட்டில் பெட்டிகள் மாடிப்படி ஓரத்தில் தூசி படிந்து கிடக்கும். அக்கம்பக்கத்துச் சின்னக் கடையில் போய்க் கேட்டால், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிற பொருள் போனால் சரி என்று சந்தோஷமாகவே குறைப்பார். ஆன்லைனில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கான மாதங்கள் இவை.

18. ஃபிளாஸ்க்குக்கும் இதே கணக்குதான்: மழையில் விலை பேச முடியாது, கோடையில் பேசலாம். இரண்டையும் ஒரே கடையில் சேர்த்துக் கேட்டால் இன்னும் கொஞ்சம் குறையும்.

19. ஜூன், ஜூலையில் கல்லூரி திறக்கிறபோது ஹாஸ்டல் பிள்ளைகளுக்காக அரை லிட்டர், ஒரு லிட்டர் கெட்டில்களுக்குக் கிராக்கி. பிள்ளை எங்கே சேரப் போகிறான் என்று தெரிந்தவுடன், கெட்டிலுக்கு அனுமதி உண்டா என்று முதலில் ஹாஸ்டலில் கேளுங்கள். பல ஹாஸ்டல்களில் மின்சாதனங்களை அறையில் வைக்க விட மாட்டார்கள். அப்படியானால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஃபிளாஸ்க் வாங்கிக் கொடுத்துவிடலாம்.

20. சின்னக் கடைக்கு காலையில் திறந்தவுடன் போகிறீர்கள் என்றால், வாங்குகிற முடிவோடு போங்கள். முதல் போணியை இழக்க விரும்பாமல் கடைக்காரர் இறங்கி வருவார். வெறும் விலை விசாரிக்கப் போவதென்றால் மத்தியானம் போங்கள். போணி நேரத்தில் பேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் அவர் மனம் சங்கடப்படும், அடுத்த தடவை நமக்கும் நல்ல விலை வராது.

21. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. தனி என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். கரண்ட் கெட்டிலுக்கு வரி 18 சதவீதம். அடுப்பில் வைக்கிற ஸ்டீல் கெட்டில் பாத்திரக் கணக்கில் வரும். 2025 செப்டம்பர் 22-லிருந்து அதற்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வெந்நீர் எப்போதாவதுதான் தேவை என்கிற வீட்டுக்கு இதுவே போதும்.

22. பேங்க் கார்டு தள்ளுபடிக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைத்திருப்பார்கள். கெட்டில் மட்டும் வாங்கினால் அந்தத் தொகை வராது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குக்கர் வேண்டும், நமக்குக் கெட்டில் வேண்டும் என்றால் ஒரே பில்லாகப் போட்டுத் தள்ளுபடியைப் பிரித்துக்கொள்ளலாம். தள்ளுபடி கிடைக்கிறதே என்று தேவையில்லாத பொருளைச் சேர்த்து வாங்க வேண்டாம்.

23. பண்டிகைக் கூட்டத்தில் பெரிய கம்பெனிப் பெயரை ஒரு எழுத்து மாற்றின பெட்டிகளும் நடைபாதையில் வந்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, அதன் கூடவே லைசென்ஸ் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு செயலியில் அந்த எண்ணைப் போட்டால், யாருக்குக் கொடுத்த லைசென்ஸ் என்று கடையில் நின்றபடியே தெரிந்துகொள்ளலாம். தண்ணீரும் கரண்ட்டும் சேர்கிற பொருள் இது. நூறு ரூபாய் மிச்சத்துக்காக இதில் மட்டும் சமாதானம் ஆகாதீர்கள்.

24. தள்ளுபடிக் காலத்தில் பழைய சரக்குதான் முதலில் வெளியே வரும். தயாரித்த மாதமும் வருடமும் பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டும், தேடிப் பாருங்கள். ஒரு வருடம் பழையதாக இருந்தால் தப்பில்லை, அதைச் சொல்லியே இன்னும் குறைக்கச் சொல்லலாம். வாரண்டி நாம் வாங்கின பில் தேதியிலிருந்துதானா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

25. 1,500 வாட்ஸ் கெட்டில் கிட்டத்தட்ட 6.5 ஆம்பியர் கரண்ட் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பெரிய பாயின்ட்தான் சரி. சின்ன பாயின்ட்டில் அடாப்டர் போட்டுச் செருகினால் பிளக் சூடாகி உருகிப்போகவும் கூடும். சமையலறையில் பெரிய பாயின்ட் இல்லாவிட்டால் குறைந்த வாட்ஸ் கெட்டில் வாங்குங்கள், இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

26. கடையில் வாங்கினால் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றிப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூடியை மூடி வைத்து, கொதி வந்ததும் "டக்" என்று சுவிட்ச் தானாக மேலே எழும்புகிறதா என்று பாருங்கள். ஆவி கைப்பிடிப் பக்கம் போய் உள்ளே இருக்கிற உலோகப் பட்டையைச் சூடாக்கினால்தான் சுவிட்ச் அணையும். மூடி திறந்திருந்தால் ஆவி வெளியே போய்விடும், கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். மூடி சரியாக உட்காராத கெட்டிலை எந்தத் தள்ளுபடியிலும் வாங்காதீர்கள்.

27. ஆன்லைனில் வாங்கியது வந்து சேர்ந்த அன்றைக்கே இதே சோதனையைச் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பவோ மாற்றவோ சில நாள் மட்டும்தான் அவகாசம் இருக்கும். மழைக்கு என்று வாங்கிப் பரணில் போட்டுவிட்டால் அந்த நாள் தாண்டிவிடும். முதல் இரண்டு கொதித் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு மூன்றாவதைக் குடித்தால் புது வாசனையும் இருக்காது.

28. வழுவழுப்பான தாளில் வருகிற மெஷின் பில் சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வாங்கின அன்றே போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பி வைத்துக்கொண்டால் வாரண்டி சமயத்தில் தேட வேண்டியதில்லை.

29. பெரிய கெட்டில் ஆஃபரில் இருக்கிறது என்று இரண்டு பேர் வீட்டுக்கு 2 லிட்டர் வாங்காதீர்கள். 1,500 வாட்ஸ் கெட்டில் 40 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட், 1.5 லிட்டர் கொதிக்க ஏறக்குறைய ஆறு நிமிடம், ஆக ஒரு யூனிட்டில் ஆறு தடவை நிரப்பிக் கொதிக்க வைக்கலாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்கிற நம் ஊரில் இது பெரிய செலவில்லை, ஆனாலும் இரண்டு டம்ளர் வெந்நீருக்குக் கெட்டிலை நிரப்புவது வீண். உள்ளே இருக்கிற குறைந்தபட்ச அளவுக் கோடு வரைக்கும் ஊற்றினாலே போதும்.

30. புதுசு வாங்கக் கிளம்புவதற்கு முன், பழசு உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்து, கொதிக்க நேரமாகும், "உர்" என்று சத்தமும் வரும். பாதித் தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தோலையும் போட்டு ஒரு கொதி விட்டு, அரை மணி நேரம் ஊற வைத்தால் உப்பு இளகி வந்துவிடும். பிடிவாதமாக இருந்தால் இன்னொரு தடவை செய்யலாம்; கம்பி நார் மட்டும் போட்டுத் தேய்க்காதீர்கள்.

31. கெட்டில் நிஜமாகவே கைவிட்டுவிட்டது, ஆடிக்கோ ஜனவரிக்கோ இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம். காலையில் காபி டிகாக்ஷனுக்குத் தண்ணீர் வைக்கும்போதே கூடக் கொஞ்சம் வைத்து, ஃபிளாஸ்க்கை முதலில் ஒரு டம்ளர் வெந்நீரால் அலசிக் கொட்டிவிட்டு நிரப்புங்கள். அலசாமல் ஊற்றினால் குளிர்ந்த உட்சுவரே கொஞ்சம் சூட்டை இழுத்துவிடும். அலசி ஊற்றி இறுக்கி மூடினால் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சூடாகவே கிடைக்கும்.